ஆயர் போட்ட கழித்தல் கணக்கு

டிஸ்கி: பார்க்க அரசியல் பதிவு மாதிரித் தெரியும். என்னைப் பொறுத்தவரை இது கணக்குப் பதிவு. நீளம் கொஞ்சம் அதிகம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

4,29,059 – 2,82,380 = 1,46,679

மூணாம் கிளாஸ் பையன் போடுற கழித்தல். கடன் வாங்கிக் கழிக்கணும், அவ்வளவுதான் கஷ்டம். ஆனா இந்தக் கழித்தலை ஒரு ஆணைக்குழு முன்னாடி போட்டுக் காட்டினதுக்காக, எழுபது வயசு தாண்டின ஒரு ஆயரைத் தேடிக் குற்றப் புலனாய்வுக்காரங்க போனாங்க. 'இந்த எண் எங்கேருந்து வந்தது'ன்னு கேட்டாங்க. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லல.

இந்த எண்ணை முதல்ல நான் கேட்டது ஸ்கூல் படிக்கும்போது. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் ஆரம்பிச்சு, தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தது ஞாபகம் இருக்கும். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பந்தல் போட்டிருந்தாங்க. மைக்கில ஒருத்தர் "ஒன்றரை லட்சம் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்"னு திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வயசுல எண் மனசுல ஒட்டிக்கிச்சு. அப்புறம் எத்தனையோ இடத்துல நானும் அதையே சொல்லியிருக்கேன். எங்கேருந்து வந்ததுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை.

யோசிக்க வச்சது ஒரு அக்கா. எங்க ப்ராஜெக்ட்ல டொரண்டோ பக்கம் வேலை பார்க்கிறவங்க, சொந்த ஊர் கிளிநொச்சி. ஒருநாள் கால் முடிஞ்சு சும்மா பேசிட்டிருந்தப்ப நான் என்னோட ஒன்றரை லட்சத்தை எடுத்து விட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாங்க:

"தம்பி, எங்கட சித்தப்பாவும் அந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கிறார். அவர் செத்தவர் எண்டு நீங்கள் எப்பிடி முடிவெடுத்தனீங்கள்? எங்கட சித்திக்கே இன்னும் தெரியாது."

எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்தான் இந்தப் பதிவு.

*

எங்க வேலையைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன், காரணம் இருக்கு. பேங்க் ப்ராஜெக்ட். எங்க டீமோட பேர் ரீகன்சிலியேஷன். தினமும் ராத்திரி ரெண்டு கணக்குப் புத்தகத்தை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கிற புரோகிராம். இந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பக்கம் இல்லைன்னா அதுக்கு ஒரு டிக்கெட் போடணும். பத்து டாலர் வித்தியாசம் வந்தாலும் யாராவது ஒருத்தர் அது எங்க போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா கணக்கை மூட முடியாது.

இங்கிலீஷ்ல அதே வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் நல்லிணக்கம். இலங்கையில் 2010 மே மாசம் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச ஒரு ஆணைக்குழுவை நியமிச்சார். பேரு 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு'. இங்கிலீஷ் பேர்ல இருக்கிறது எங்க டீமோட அதே வார்த்தை. ஆயர் அந்தக் கழித்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தது இவங்ககிட்டதான்.

*

முதல்ல அந்த ரெண்டு எண்ணும் எங்கேருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

4,29,059 என்பது 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள் தொகை. சொன்னது புலிகள் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகள், அதாவது இலங்கை அரசாங்கத்தோட சொந்த மாவட்ட அலுவலகங்கள். நம்ம ஊர்ல பல பேருக்குத் தெரியாத விஷயம் இது: வன்னி முழுக்கப் புலிகள் கையில் இருந்த காலத்திலும் அங்க அரசாங்க அதிபர் இருந்தார், கிராம சேவையாளர் இருந்தார், ஆசிரியர்களும் மருத்துவர்களும் இருந்தாங்க. எல்லாருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து போகும். நிவாரண உணவு வவுனியா வழியா லாரியில் போகும். எந்தக் குடும்பத்துல எத்தனை தலை, யாருக்கு எத்தனை கிலோ அரிசின்னு கிராம சேவையாளர் கையில கணக்கு இருக்கும். ஜனங்க மன்னார் பக்கத்திலிருந்து கிளிநொச்சி, அங்கிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புன்னு இடம்பெயர்ந்து ஓடினப்ப அந்தக் கணக்கும் கூடவே ஓடுச்சு.

2,82,380 ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2009 ஜூலை 10 நிலவரப்படி சொன்னது. போர் முடிஞ்சு அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவங்க. பெரும்பாலானவங்க வவுனியா செட்டிக்குளம் பக்கம் மனிக்பாம் முகாமில் முள்கம்பிக்குள்ள இருந்தாங்க. அதனால எண்றது கஷ்டம் இல்லை.

ஒரு பக்கம் உள்ளே இருந்தவங்க, இன்னொரு பக்கம் வெளியே வந்தவங்க. ரெண்டும் அதிகாரபூர்வ எண். நடுவுல இடிக்கிறது 1,46,679.

இதுக்கு அரசாங்கத் தரப்பு வாதம் ஒண்ணு உண்டு. புலிகள் மிரட்டித் தலை எண்ணிக்கையைக் கூட்டி எழுத வச்சாங்க, அரிசி அதிகமா வாங்கறதுக்கு. நடந்திருக்கலாம்தான். நம்ம ஊர் ரேஷன் கார்டுலயே செத்துப்போன தாத்தா பத்து வருஷம் சர்க்கரை வாங்குவார்! ஆனா இந்த வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. 2009 பிப்ரவரியில் முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர், என் பகுதியில் 3,30,000 பேர் இருக்காங்கன்னு எழுதி அனுப்பினார். அந்த எண் ஆதாரமற்றது, இப்படி எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை எடுப்போம்னு மேலிடத்திலிருந்து அவருக்குப் பதில் வந்தது. அந்தச் சமயம் கொழும்பு சொல்லிட்டிருந்த எண் 70,000. உணவும் மருந்தும் அந்த எண்ணை வச்சுத்தான் போச்சு. ஏப்ரல் கடைசியில் ராஜபக்ச சி.என்.என். பேட்டியில் ஐயாயிரம், மிஞ்சினா பத்தாயிரம் பேர் இருப்பாங்கன்னார். அதே வாரம் ஐ.நா.வின் மதிப்பீடு ஒரு லட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல்.

கடைசியில் முகாமுக்கு வந்து சேர்ந்தவங்க எத்தனை பேர்? ரெண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். 70,000 எங்கே, இது எங்கே! எந்தப் புத்தகத்தோட கணக்கு உண்மைக்குப் பக்கத்துல இருந்ததுன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

*

மன்னார் ஆயர் இராயப்பு யோசப். 1940-ல் நெடுந்தீவில் பிறந்தவர், 1992-லிருந்து மன்னார் மறைமாவட்டத்தின் ஆயர். மடு மாதா கோயில் இவரோட எல்லைக்குள்ளதான் வருது. 2008-ல் போர் கோயில் வாசலுக்கே வந்து, மடு மாதா சொரூபத்தைக் குருமார் தூக்கிட்டு இடம்பெயர வேண்டி வந்தது.

2011 ஜனவரி 8. மன்னாரில் ஆணைக்குழு அமர்வு. ஆயரும் அவரோட ரெண்டு குருமாரும் எழுத்துமூலமா ஒரு அறிக்கை கொடுத்தாங்க. அதில் பல விஷயங்கள் உண்டு: காணாமல் போனவங்க, காவலில் இருக்கிறவங்க, காணி, இராணுவ முகாம்கள். நடுவுல இந்தக் கழித்தல். இந்த 1,46,679 பேருக்கு என்ன ஆச்சுன்னு தெளிவுபடுத்துங்கன்னு கேட்டார். கவனிங்க, 'கொல்லப்பட்டார்கள்'னு அவர் சொல்லல. கணக்குல வரலைன்னு மட்டும்தான் சொன்னார்.

அந்த ஆணைக்குழு முன்னாடி போறதா வேண்டாமான்னே அப்ப பெரிய விவாதம். அம்னஸ்டி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், இன்டர்நேஷனல் க்ரைசிஸ் குரூப் மூணு பேரும் 2010 அக்டோபரில் நாங்க வரமாட்டோம்னு கூட்டாகச் சொல்லிட்டாங்க. தலைவர் முன்னாள் சட்டமா அதிபர், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு கிடையாது, இது சுதந்திரமான விசாரணையே இல்லைங்கிறது அவங்க நியாயம். நியாயம்தான். ஆனா லண்டன்லயும் நியூயார்க்லயும் இருக்கிறவங்க வரமாட்டேன்னு சொல்லலாம். கிளிநொச்சியில் இருக்கிற ஒரு அம்மா என்ன பண்ணுவாங்க? அமர்வு நடந்த ஊரிலெல்லாம் பெண்கள் மகனோட போட்டோவை மார்போடு பிடிச்சுக்கிட்டு வரிசையில் நின்னாங்க. வாய்மொழியா சுமார் ஆயிரம் பேர், எழுத்துமூலமா ஐயாயிரத்துக்கு மேல். நம்பிப் போனாங்கன்னு எனக்குத் தோணல. ஒரு அரசாங்கக் காகிதத்துல பேர் ஏறட்டும்னு போயிருக்காங்க.

இங்க ஒரு பழைய கதை சொல்லியே ஆகணும். 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு அடக்கினப்ப தென்னிலங்கையில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் போனாங்க. 1990-ல் மாத்தறையில் அவங்க அம்மாக்கள் சேர்ந்து 'அன்னையர் முன்னணி' ஆரம்பிச்சாங்க. அந்தப் பேர் 1984-லேயே யாழ்ப்பாணத்தில் இருந்தது. கைதான பிள்ளைகளைக் கேட்டுத் தமிழ் அம்மாக்கள் கச்சேரிக்கு ஊர்வலம் போன இயக்கம் அது. பேர் வடக்கிலிருந்து தெற்குக்குப் போயிருக்கு. தெற்கில் அதை அமைச்சதுல முன்னால நின்ன ரெண்டு எம்.பி.க்களில் ஒருத்தர் மங்கள சமரவீர. இன்னொருத்தர் 1990 செப்டம்பரில் காணாமல் போனவங்க விவரங்களை ஒரு கட்டாக் கட்டிக்கிட்டு ஜெனீவாவுக்குக் கிளம்பினார், ஐ.நா. செயற்குழுகிட்ட கொடுக்க. கட்டுநாயக்க விமான நிலையத்தில் போலீஸ் மடக்கிக் காகிதங்களையும் போட்டோக்களையும் பறிச்சது. அவர் விடல, கோர்ட்டுக்குப் போனார்.

அந்த எம்.பி. பேர் மகிந்த ராஜபக்ச.

(இதை முதல்ல படிச்சப்ப நம்பாம ரெண்டு மூணு இடத்துல சரிபார்த்தேன். நிஜம்.)

காணாமல் போனவங்க பட்டியலைத் தூக்கிட்டுப் போனா என்ன நடக்கும்னு உடம்புல பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட மனுஷர், இருபது வருஷம் கழிச்சு அதிகாரத்தில் உட்கார்ந்தப்ப, இன்னொருத்தர் அதே மாதிரி ஒரு காகிதத்தை நீட்டுறார்.

*

ஆணைக்குழு அறிக்கை 2011 டிசம்பர் 16-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எல்லாமே குப்பைன்னு சொல்லமாட்டேன். காணாமல் போனவங்க விசாரணை, காணி, மொழி உரிமைன்னு நல்ல சிபாரிசுகள் இருந்தது. ஆயரோட கழித்தலுக்கு மட்டும் விடை இல்லை. பொதுமக்கள் சாவைப் பத்தி வீடு வீடா ஒரு கணக்கெடுப்பு எடுங்கன்னு அரசாங்கத்துகிட்டயே திருப்பி விட்டாங்க. எங்க டீம்ல இப்படி ஒருத்தர் டிக்கெட்டை மூடினா மேனேஜர் கிழிச்சிடுவார்.

அரசாங்கம் 2011-லேயே வட மாகாணத்தில் வீடு வீடா ஒரு கணக்கு எடுத்திருந்தது. 2009-ல் போர் தொடர்பா செத்தவங்க பத்தாயிரத்தைத் தாண்டலைங்கிறது அதோட முடிவு. வீட்டுக் கணக்கெடுப்புல ஒரு சிக்கல் இருக்கு. கதவைத் தட்டினா உள்ளே பதில் சொல்ல யாராவது உயிரோட இருக்கணும். பங்கருக்குள்ள மொத்தக் குடும்பமும் போயிருந்தா அந்த வீட்டுக்குக் கணக்குல பூஜ்யம்தான்.

மத்த எண்களையும் சொல்லிடறேன், இதையெல்லாம் போட்டுக் குழப்பித்தான் நம்ம ஆட்கள் சண்டை போடுறாங்க. ஐ.நா. உள்ளூர் அலுவலகம் போர் நடக்கும்போதே ஒண்ணொண்ணா சரிபார்த்து எண்ணிட்டு வந்தது. 2009 மே 13 வரைக்கும் 7,721 பேர் சாவு. இதை அப்பவே வெளியே சொல்லாம உள்ளே வச்சுக்கிட்டாங்க. 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 வரை செத்திருக்கலாம்கிறதை மறுக்க முடியாதுன்னது. 2012 நவம்பரில் ஐ.நா. தன்னைத் தானே விசாரிச்ச அறிக்கை, பெட்ரி அறிக்கைன்னு சொல்வாங்க, 70,000-க்கு மேற்பட்டவங்க கணக்கில் வரலைன்னு நம்பத்தகுந்த தகவல் இருக்குன்னது. ஒண்ணு சரிபார்த்த சாவு, ஒண்ணு மதிப்பீடு, ஒண்ணு இடைவெளி. மூணும் வேற வேற அளவுகோல்.

ஆயரோட எண் இடைவெளி வகை. அதில் ஷெல் விழுந்து செத்தவங்க இருக்காங்க. தப்பி ஓடினப்பப் புலிகள் சுட்டுச் செத்தவங்க இருக்காங்க, புலிகள் வீட்டிலிருந்து இழுத்துட்டுப் போய்த் துப்பாக்கி கொடுத்த பிள்ளைகள் இருக்காங்க. (இதைத் தமிழர்களே எழுதி வச்சிருக்காங்க. ராஜினி திராணகம 1989-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் தலைமறைவா இருந்து அறிக்கை போட்ட யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்களைப் பத்தித் தனிப் பதிவு போடணும்.) வட்டுவாகலில் சரணடைஞ்சு பஸ்ஸில் ஏறினவங்க இருக்காங்க. கச்சேரியில் கூடுதலா எழுதப்பட்டதும் கொஞ்சம் இருக்கலாம். யார் செஞ்சாங்கன்னு அந்த எண் கேட்கல. எங்கேன்னுதான் கேட்குது. அதனாலதானோ என்னவோ, ரெண்டு தரப்புக்குமே அதைப் பிடிக்கல. ஒரு தரப்பு பொய்ன்னது. நம்ம தரப்பு மேடையில ஏத்தி அத்தனை பேரையும் சாகடிச்சது.

2012 மே மாசம் புலனாய்வுக்காரங்க ஆயர்கிட்ட விசாரணைக்குப் போனாங்கன்னு மேல சொன்னேன்ல. அவர்கிட்ட ரகசிய ஆதாரம் எதுவும் இல்லை. கச்சேரி எண், ஐ.நா. எண், நடுவுல ஒரு கழித்தல் குறி.

*

ஆயரைப் புனிதராக்கிட்டேன்னு பின்னூட்டம் வரும். அதனால இதையும் சொல்றேன். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரைப் புலிகள் வெளியேத்தினாங்க. யாழ்ப்பாணத்தில் ரெண்டே மணி நேரம் கொடுத்தாங்க. மன்னார் தீவும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்லிணக்க ஆணைக்குழு பார்க்க வேண்டிய காலமே 2002 பிப்ரவரியிலிருந்துதான் ஆரம்பம், அப்படின்னா 1990 அதுக்கு வெளியே. அரசு இவங்களுக்குன்னு ஒரு ஆணைக்குழு போடவே இல்லை. கடைசியில் சிவில் சமூகத்துக்காரங்க, சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளை மூலமா, தாங்களே ஒரு குடிமக்கள் ஆணைக்குழு வச்சு, ஊர் ஊராப் போய்க் கேட்டு 2011-ல் அறிக்கை போட்டாங்க. திரும்பி வந்த முஸ்லிம்களுக்கும் மன்னார்த் தமிழர்களுக்கும் காணிப் பிரச்சினை வந்தப்ப, ஆயர் ஒரு பக்கம் சாய்ந்தார்னு முஸ்லிம் தரப்பில் வருத்தம் உண்டு. அதை நான் மறைக்க விரும்பல.

சிங்களப் பக்கமும் இதே தேடல் இருக்கு. கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் இராணுவ அதிகாரி. 1998 செப்டம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போனார். அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? தன்னை மாதிரி அம்மாக்களைச் சேர்த்து ஒரு அமைப்பு வச்சு, புலிகளையே நேரில் போய்ப் பார்த்தாங்க. சிப்பாய்களுக்குக் கழுத்தில் அடையாளத் தகடு கட்டாயம் கொடுங்கன்னு இராணுவத்தோட மல்லுக்கு நின்னாங்க. 2013-ல் ராஜபக்ச போட்ட இன்னொரு ஆணைக்குழுவுக்கு (பரணகம) இருபதாயிரத்துக்கு மேல முறைப்பாடு வந்தது. அதில் சுமார் ஐயாயிரம் படையினர் குடும்பங்களிடமிருந்து.

ஆட்சி மாறினப்ப கொஞ்சம் நம்பிக்கை வந்தது. 2016-ல் பதினோரு சிவில் சமூக ஆட்களை வச்சு ஒரு கலந்தாலோசனைச் செயலணி. தலைவர் மனோரி முத்தெட்டுவெகம, 1990-களில் தெற்கில் காணாமல் போனவங்களை விசாரிச்ச ஆணைக்குழுவுக்கும் இவங்கதான் தலைவர். நாடு முழுக்க 7,306 பேரோட கருத்துகளை வாங்கி, 2017 ஜனவரி 3-ல் அறிக்கை ரெடி. வாங்கிக்க ஜனாதிபதியும் வரல, பிரதமரும் வரல. சந்திரிகா குமாரதுங்க வாங்கிக்கிட்டார். வெளிநாட்டு நீதிபதி ஒருத்தராவது விசாரணையில் இருக்கணும்னு அதில் எழுதியிருந்ததை அரசு ஏத்துக்கல.

அடுத்த மாசமே, 2017 பிப்ரவரி 20, கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னாடி அம்மாக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தாங்க. வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலைன்னு பரவுச்சு. அந்தப் போராட்டத்துல இருந்த பெற்றோரில் நூத்துக்கும் மேற்பட்டவங்க பிள்ளை முகத்தைப் பார்க்காமலே செத்துட்டாங்க.

பட்டியல் இல்லாமலும் இல்லை. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் சரணடைஞ்சவங்க வழக்கில், எங்ககிட்ட சரணடைந்தவங்க பட்டியல் இருக்குன்னு 58-வது டிவிஷன் அதிகாரியே சொன்னார். கொண்டு வாங்கன்னு கோர்ட் சொன்னப்ப வந்தது புனர்வாழ்வு முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்க பட்டியல்.

2020 ஜனவரியில் கோத்தபாய ராஜபக்ச ஜனாதிபதியா ஐ.நா. பிரதிநிதியைச் சந்திச்சப்ப, காணாமல் போனவங்க உண்மையில் செத்துட்டாங்க, விசாரணை முடிஞ்சதும் மரணச் சான்றிதழ் கொடுப்போம்னார். அதைப் படிச்சப்பதான் டொரண்டோ அக்கா எதுக்கு அன்னைக்கு அவ்வளவு நேரம் பேசாம இருந்தாங்கன்னு எனக்கு உறைச்சுது. கோத்தபாய சொன்னதும் எங்க ஊர் பந்தல்ல மைக்கில சொன்னதும் நான் கால் முடிஞ்சு சொன்னதும் ஒண்ணுதான். அத்தனை பேரும் செத்துட்டாங்க. அவர் கோப்பை மூடுறதுக்குச் சொன்னார், நாங்க கைதட்டலுக்குச் சொன்னோம். அந்த அக்காவோட சித்தி மரணச் சான்றிதழும் வாங்கல, அதுக்குப் பதிலா 2016 சட்டப்படி கொடுக்கிற, ஆள் காணவில்லைங்கிற சான்றிதழும் வாங்கல. வாங்கினா கேட்கிற உரிமை போயிடும்ங்கிற பயம்.

*

எண்ண முடியாததா இதெல்லாம்? முடியும். 2018-ல் பிரான்சஸ் ஹாரிசனும் அமெரிக்காவின் மனித உரிமைத் தரவு ஆய்வுக் குழுவின் பாட்ரிக் பாலும் சின்னதா ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டாங்க: 2009 மே 17 முதல் 19 வரை இராணுவத்திடம் சரணடைஞ்சு காணாமல் போனவங்க எத்தனை பேர்? பல அமைப்புகள் தனித்தனியா வச்சிருந்த பட்டியல்களைச் சேர்த்து, ஒரே ஆள் ரெண்டு மூணு பட்டியலில் வந்தா அதை ஒண்ணாக்கி, பட்டியல்களுக்குள்ள எவ்வளவு பேர் பொதுவா வர்றாங்கங்கிறதை வச்சு, எதிலும் பதிவாகாதவங்க எத்தனைன்னு கணிச்சாங்க. விடை சுமார் 500 பேர்.

மூணு நாளுக்கு இதைச் செய்ய முடிஞ்சா மொத்தப் போருக்கும் செய்யலாம். கச்சேரிக் குடும்பப் பட்டியல், முகாம் பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு, புனர்வாழ்வுப் பட்டியல், நாலஞ்சு ஆணைக்குழுவுக்கு வந்த முறைப்பாடுகள். எல்லாம் இலங்கை அரசாங்கத்தோட அலமாரியிலதான் இருக்கணும். தமிழ்ப் பெயர்களை ஒப்பிடறது கொஞ்சம் தலைவலிதான். குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பேர் ஒரு இடத்துல முன்னாடி வரும், ஒரு இடத்துல இனிஷியலா வரும், சிங்கள கிளார்க் ஒருவிதமா எழுதுவார், இங்கிலீஷ் ஃபாரத்துல வேற மாதிரி வரும். ஆனா இதையெல்லாம் சமாளிக்கிற புரோகிராம் பத்துப் பேர் டீம் ஆறு மாசத்துல எழுதிடலாம். நானே வந்து உட்காருவேன்.

இராயப்பு யோசப் ஆண்டகை 2015-ல் பக்கவாதம் வந்து படுத்தார், அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று யாழ்ப்பாணத்தில் காலமானார். அவர் கழிச்ச கழித்தலுக்கு அன்னைக்கும் விடை இல்லை, இப்ப இதை நான் தட்டச்சு பண்றப்பவும் இல்லை.

பதிவைப் போடறதுக்கு முன்னாடி டொரண்டோ அக்காவுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்தது. எழுத்துப் பிழை ரெண்டு திருத்தியிருந்தாங்க. கீழே, சித்தி எந்தெந்த ஆணைக்குழுவுக்குப் போனாங்க, ஒவ்வொண்ணுலயும் சித்தப்பா பேர் எப்படிப் பதிவாகியிருக்குன்னு நாலு வரி. நாலு வரியிலயும் நாலு விதமான எழுத்து.

"நாலும் ஒரே ஆள்தான் எண்டு எங்கையாவது எழுதி வையுங்கோ தம்பி"ன்னு முடிச்சிருந்தாங்க.